பிழையான வீட்டைக் காட்டியவர்

துணி அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெட்பேனைத் தூக்கி வந்து கட்டிலடியில் வைக்கிறார் சந்திரவதனா. அடுத்து, கராஜுக்குள் தள்ளியிருந்த சக்கர நாற்காலியை உருட்டி வந்து ஹாலின் நடுவில் நிறுத்துகிறார். மருந்துப் புட்டிகள் மறுபடி மேசைமேல் ஏறுகின்றன. இரண்டு நாள் முதுகு ஒடிய வீட்டைச் சுத்தம் செய்த வேதவல்லி, அழாத குறையாகப் பக்கத்தில் நிற்கிறார்.

"ஐயோ அக்கா, நாளைக்கு வெள்ளைக்காரம்மா வர்ற நேரத்துல இதையெல்லாம் போய் வெளிய வைக்கறீங்களே!"

"அவ இதைப் பாக்கத்தானே வாறா, பிள்ளை? உம்மடை திரைச்சீலையைப் பாக்கவே வாறா? இருக்கிறதை ஒளிக்கவேண்டாம். இல்லாததை வைக்கவேண்டாம். அவ்வளவுதான்."

வேதவல்லியின் கணவர் வேலையிடத்தில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். இப்படி ஆள் படுத்திருக்கும் வீடுகளுக்கு இங்கே மெல்பர்னில் நகராட்சிக் கவுன்சிலே உதவிக்கு ஒருவரை அனுப்பும். ஹோம் ஹெல்ப் என்று பெயர். முதலில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, தேவையா இல்லையா என்று எழுதுவார். அந்த அதிகாரி வருவதற்கு முதல் நாள் சந்திரவதனா வந்து, வீட்டை அது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போவார். கடந்த ஒரு வருடத்தில் ஐந்து வீடுகள். ஐந்துக்கும் உதவி வந்துவிட்டது. அதில் ஒன்று எதிர்த் தெருக் கிரேக்கர் வீடு. அங்கே பாதி இங்கிலீஷிலும் மீதி கையாலும் பேசிக் காரியத்தை முடித்துவிட்டு, ஒரு போத்தல் ஆலிவ் காயோடு திரும்பி வந்தார்.

எங்கள் கிளேட்டன் பகுதியில் அவரைத் தெரியாதவர் குறைவு. வயது நாற்பத்தேழு. ஒல்லி உடம்பு. குளிர்காலத்தில் சேலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலில் கணவரின் தடித்த காலுறை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் புத்தக அட்டை தட்டச்சு செய்கிறார். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை, அகர வரிசையில் இழுப்பறைக்குள். அந்தத் தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவருடைய குசினியில் டப்பாக்கள்கூட அகர வரிசையில்தான் நிற்கும். உப்பு முன்னால், வெந்தயம் கடைசியில். ஒரு நாள் சீரகத்தை மிளகுக்குப் பின்னால் வைத்துவிட்டு நான் வாங்கிய பேச்சு என் ஆராய்ச்சி மேற்பார்வையாளரிடம்கூட வாங்கியதில்லை.

நான் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். மதுரைக்காரன். சக்கர நாற்காலி தூக்கப் போய்ப் பழக்கமானவன். அதனால் இந்தக் கதையில் நடந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவருடைய கணவர் தேவராஜா நில அளவையாளர். வேலிக்கு முளை அடித்தாலும் நூல் பிடித்து அடிக்கும் மனிதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் போயிற்று. பேச்சும் பெரும்பாலும் போயிற்று. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம். பிள்ளைகள் இல்லை. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா காலையில் எல்லாம் செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மதியம் பஸ் பிடித்து ஓடி வந்து ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவார். இடையில் ஒரு மாதத்துக்குள் மூன்று தரம் கணவர் தரையில் விழுந்துவிட்டார்.

மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். இவரைத் தனியே விடக் கூடாது. ஆறு வாரத்துக்குள் வீட்டில் ஓர் ஏற்பாடு இல்லையென்றால் நர்சிங் ஹோமில் இடம் பார்க்கவேண்டியதுதான். இடம் கிடைப்பது நகரத்தின் மறு கோடியில். அக்கா வேலையை விட்டால் வீடு போய்விடும், வேலையைப் பிடித்துக்கொண்டால் கணவர் போய்விடுவார். "அங்க விட்டா மனுசன் ஒரு சொல்லும் இல்லாமல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பார், தம்பி" என்றார். கண்ணீர் விட்டுச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

கவுன்சிலுக்கு எழுதினார். அதிகாரி வரும் நாள் குறித்துக் கடிதம் வந்தது. வந்ததுதான் தாமதம், வீடு கல்யாண வீடாகிவிட்டது. வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் நம்மவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாதே! திரைச்சீலை துவைத்தாயிற்று. தரை மெழுகியாயிற்று. புல்லை நான் வெட்டினேன். சக்கர நாற்காலியை என் கராஜுக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். தேவராஜாவுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி. விடியற்காலையிலேயே அவரைத் தூக்கி நல்ல கதிரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை சொருகி, அது தெரியாமல் ஒரு போர்வையும் போட்டோம். மேசையில் றோல்ஸ், கட்லட், பட்டிஸ்.

வந்த அதிகாரி மிஸஸ் வாட்கின்ஸ், நல்ல மனுஷி. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை, நன்றாகவே சமாளிக்கிறோம் என்று அக்கா சிரித்த முகத்தோடு சொன்னார். தேவராஜா தலையை ஆட்டினார். அந்த அம்மாள் மூன்று பட்டிஸ் சாப்பிட்டு, செய்முறையும் எழுதிக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. இந்த வீடு மிகச் சிறப்பாக நடத்தப்படுகிறது, தற்போதைக்கு உதவி தேவையில்லை என்று இருந்தது. நான் படித்துவிட்டுச் சிரித்துத் தொலைத்தேன். மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கவுன்சில் அலுவலகத்துக்கு நேரே போய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தயவு செய்து இன்னொருக்கா வாங்கோ, போன முறை பிழையான வீட்டைக் காட்டிப்போட்டன் எண்டு சொன்னனான். கவுண்டரில இருந்த பெட்டை முகவரியை மாத்தி எழுதப் பாத்தாள். முகவரி சரி பிள்ளை, வீடுதான் பிழை எண்டன்."

மறுபடி வர நாள் குறித்தாயிற்று. ஆனால் தன்னைப் பற்றி அவருக்கு ஒரு பயம் இருந்தது. "ஏலாது எண்டு என்ரை வாயால வராது, தம்பி. அம்மா பழக்கேல்லை, ஆசிரியர்மாரும் பழக்கேல்லை. எழுதினா வரும்." நூலகத்தில் பிழையாய் அடிபட்ட அட்டைகள் குப்பைக்குப் போகும். அவற்றில் ஒரு கட்டைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு வாரம், தன் கைபட்ட ஒவ்வொரு வேலையையும் அட்டையின் பின்பக்கத்தில் தட்டச்சு செய்தார். எழுப்பியது, புரட்டியது, துடைத்தது, ஊட்டியது, தூக்கியது. வேலை என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். முன்பக்கத்தில் ஏதோ புத்தகத்தின் பெயர் எழுத்துப் பிழையோடு நிற்கும். பின்பக்கத்தில் அவருடைய காலை ஐந்தே கால் மணி இருக்கும். இருநூற்றுப் பதின்மூன்று அட்டைகள், செருப்புப் பெட்டியொன்றில், தலைப்பு வாரியாக அடுக்கப்பட்டன.

தேவராஜாவிடமும் கேட்கவேண்டியிருந்தது. "அவவுக்கு முன்னால உங்களைத் தூக்கிக் காட்டவேண்டி வரும். சம்மதமோ?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள், அதிகாரி வரவிருந்த காலை, அக்கா வழக்கம்போல் சவரக் கத்தியோடு போனபோது, அதை இடது கையால் மெல்லத் தள்ளிவிட்டார். மழிக்காத முகத்தோடு வாசல் பக்கம்கூட வராத மனிதர் அவர். அக்கா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

இரண்டாம் முறை மிஸஸ் வாட்கின்ஸ் வந்தபோது நானும் இருந்தேன். எனக்கு ஒரே வேலை. "நான் தேத்தண்ணி எண்டு எழும்பினா நீர் இரும வேணும்" என்று அக்காவின் உத்தரவு. அந்த அம்மாள் உட்கார்ந்த அடுத்த நிமிடமே நான் இரண்டு தரம் இருமவேண்டியதாயிற்று. வெறும் மேசையைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு வியர்த்தது.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் அதே கேள்வியைக் கேட்டார். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. விருந்தாளிக்கான சிரிப்பு முகத்தில் வந்தது. "பிரச்சினை ஒன்றுமில்லை, நாங்கள் நன்றாகவே..." என்று ஆங்கிலம் சரளமாக ஓடத் தொடங்கியது. நான் இருமினேன். அவர் நிறுத்தவில்லை.

"பொய்."

கட்டிலில் இருந்து வந்தது. அன்று முழுவதும் தேவராஜா பேசிய முதல் வார்த்தை. தெளிவாக இருந்தது.

உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார் மிஸஸ் வாட்கின்ஸ். அறையில் தமிழ் தெரியாதவர் அவர் ஒருவர்தான். பசிக்கிறது என்கிறார் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அக்கா என்னைப் பார்த்தார். நான் இருமக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"நான் பொய் சொல்கிறேன் என்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அவர் சொல்வது சரி" என்றார்.

பிறகு செருப்புப் பெட்டியை எடுத்து அந்த அம்மாளின் மடியில் வைத்தார். அவர் முதலில் புரியாமல் விரலால் தள்ளிப் பார்த்தார். 'சாப்பாடு' என்ற தலைப்பில் கொஞ்சம், 'கழிவறை' என்பதில் நிறைய. 'விழுதல்' என்ற தலைப்பில், முன்பு விழுந்த மூன்று தரத்தையும் நினைவிலிருந்து அடித்த மூன்றே அட்டைகள் இருந்தன. கடைசியை எடுத்தார். வேலைக்குப் போயிருந்தேன், பஸ் பிந்திவிட்டது, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு நாற்பது வரை தரையில் கிடந்தார் என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தேவராஜாவைப் பார்த்து, அக்காவைப் பார்க்காமல், உங்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நான் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பதினான்கு நிமிடம் ஆயிற்று. மிஸஸ் வாட்கின்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

இந்த முறை கடிதம் வர ஐந்து நாள்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து பிற்பகல் இரண்டு வரை ஹோம் ஹெல்ப். மதியம் வீடு தேடி வரும் சூடான சாப்பாடு. குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி. பிற்பகலுக்கு நூலகமும் இறங்கி வந்து, அக்காவை ஒரு மணிக்கே விடுவதாகவும் மீதி அட்டைகளை வீட்டில் அடிக்கலாமென்றும் சொல்லிவிட்டது. நர்சிங் ஹோமுக்கு வேண்டாமென்று அவரே தொலைபேசியில் சொன்னார். "ஓம், வேண்டாம். ஓம், வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறன்" என்று தமிழிலேயே ஆரம்பித்துவிட்டு, பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாறினார். எனக்கும் ஆனந்தம் தாங்கவில்லை. அன்று தேவராஜா தானாகவே சவரக் கத்தியைக் காட்டினார்.

முதல் திங்கட்கிழமை. அக்காவோடு ஒரே பஸ்ஸில் போகலாமென்று நான் புல்வெளியில் காத்திருந்தேன். டோரீன் என்ற பெண், ஏப்ரனைக் கையிலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சரியாக எட்டு மணிக்கு வந்தார். அக்கா அப்போதும் தும்புத்தடியால் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். டோரீன் சிரித்தபடி அந்தத் தடியைப் பிடித்தார். அக்கா விடவில்லை. மருந்து எது, மாற்றுத் துணி எங்கே, அவருக்குத் தேத்தண்ணியில் எவ்வளவு சீனி என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டு பெண்களும் ஒரே தடியைப் பிடித்தபடி நின்றார்கள். சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்தது. உள்ளேயிருந்து தேவராஜா இருமும் சத்தம் கேட்டது. அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தடியைவிட்டு வந்தன. காலியான அந்தக் கையை ஒரு முறை பார்த்தார். அதே கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலின் மூன்று படிகளையும் ஒரே தாவலில் தாண்டிப் புல்லில் குதித்தார்.