சரசு சொன்ன ‘ஆனாலும்’

சென்ற வாரம் கொச்சி மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு கல்லூரி மாணவிகள். ‘நெவர்தலெஸ்’ என்பது ஒரே வார்த்தையா, மூன்று வார்த்தைகளா என்று பலத்த வாக்குவாதம்.

“ஒரே வார்த்தைதாம்மா” என்று சொல்லிவிட்டுப் படகேறினேன். மனசு மட்டும் பத்து வருஷம் பின்னால் போய்விட்டது... சரசுவிடம்.

அப்போது நான் ஒரு சுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சரசு அங்கே சுக்கைத் தரம் பிரிப்பவள். தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. அவர் இறந்து மூன்றாவது மாதம், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி இங்கிலீஷில் நோட்டீஸ். அம்மா, இரண்டு தங்கைகள் – எங்கே போவார்கள்?

மத்தியான இடைவேளையில் நோட்டீஸை நீட்டினாள். முதல் வார்த்தையே ‘நாட்வித்ஸ்டாண்டிங்’!

“இது எந்தா சேட்டா?”

“உங்கப்பா இருபது வருஷம் நல்லா வேலை செஞ்சார்... ஆனாலும் வீட்டைக் காலி பண்ணணும்னு அர்த்தம்.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்போ நல்லா வேலை செஞ்சார்னு அவங்களே சம்மதிச்சாச்சு, அல்லே?”

தினமும் கட்டுக்கட்டாகக் கடிதம் அடிக்கிறவன்... எனக்கு இது தோன்றியதே இல்லை!

பதில் எழுத உட்கார்ந்தோம். ‘தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வழக்கம்போல் இங்கிலீஷில் ஆரம்பித்து, அர்த்தம் சொன்னேன். தடுத்துவிட்டாள்.

“கெஞ்ச வேண்டா சேட்டா. அவங்க சட்டம் சரின்னே எழுதுங்க. அப்புறம் ஆனாலும்னு போட்டு நம்ம காரியத்தை எழுதுங்க. அப்பா சுகமில்லாம கெடந்த ஆறு மாசமும் அவர் தெருவைப் பெருக்கினது அம்மாதான். அந்த வேலைய அம்மாவுக்கே கொடுத்தா வீடும் நிக்கும்.”

அவளுடைய ‘ஆனாலும்’ இருந்த இடத்தில் ‘நெவர்தலெஸ்’ போட்டேன்.

நகரசபை அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி கடிதத்தைப் படித்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். நெவர்தலெஸ் என்றால் அர்த்தம் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“அறியாம் சாரே. சார் பறஞ்ஞது சரியாணு. என்னாலும் ஞங்ஙள் போகில்லா.”

தெரியும் சார். நீங்கள் சொன்னது சரி. ஆனாலும் நாங்கள் போக மாட்டோம்!

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். நாளைக்கு அம்மாவை அழைத்து வரச் சொன்னார்.

இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. வீடும் நிலைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு வேலை தர ஏற்கெனவே விதி இருந்ததாம். கேட்கும்வரை யார் சொன்னார்கள்?

எதிராளியின் நியாயத்தை மனசார ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் தன் இடத்தைவிட்டு நகரக்கூடாது... எத்தனை பேருக்கு இது வரும்? பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே இரண்டில் ஒன்றுதான் வாய்க்கிறது. சரசு பத்தாவதுகூடத் தாண்டாதவள்.

வீட்டில் நானும் முயன்று பார்த்தேன். மனைவியிடம் ‘நீ சொல்றது சரிதான்’ வரைக்கும்தான் வருகிறது!