வளைவுக்கு மேலே ஓர் ஆள்

எல்கடுவைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தொரு வீடுகள். ஒன்பது பூட்டிக் கிடக்கின்றன. அந்த வீட்டார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பூட்டுகளை எண்ணியிருக்கிறேன். தோட்ட ஆபீசில் கிளார்க் வேலை பார்ப்பவனுக்கு இது வியாதி என்பது என் மனைவியின் கருத்து.

ஆள் குறைந்துவிட்டதால் மாலை பஸ்ஸை நிறுத்தலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மனைவி மாத்தளையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். அந்த பஸ் நின்றால் அவள் டவுனிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு.

“நான் இல்லாட்டி வீட்டுல என்னத்த எண்ணுவீங்க?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு புதன்கிழமை, நாலே முக்காலுக்கு அதிகாரி த்ரீவீலில் வந்து இறங்கி, வண்டியைத் திருப்பி அனுப்பினார். எங்கே நின்றால் ஆட்களைச் சரியாக எண்ணலாம் என்று சிங்களத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். “பெரிய வளைவுக்கு மேலே. பஸ் அங்கே ஊர்ந்துதான் வரும். ஜன்னல் வழியாக ஒரு தலைகூடத் தப்பாது.”

பஸ் அங்கே ஊர்ந்து வரும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்காது என்று எல்லாரும் வளைவுக்குக் கீழேயே இறங்கி, தேயிலைக்கு நடுவே இருக்கும் படிகளில் ஏறி, மேலே வந்து மறுபடியும் பஸ்ஸில் ஏறுவார்கள் என்பதுதான் ஞாபகம் இல்லை. இருபது வருடமாக நானும் அப்படித்தான் இறங்கி ஏறுகிறேன்.

ஐந்து பத்துக்கு பஸ் வந்தது. உள்ளே டிரைவர், கண்டக்டர், ஓர் அரிசி மூட்டை, காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர். அதிகாரி தாளில் ‘1’ என்று எழுதினார். அழகான கையெழுத்து.

பஸ் நின்றது. செடிகளுக்கு நடுவிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். முன்னால் என் மனைவி. இவர்கள்தான் பயணிகள் என்று நான் விளக்கியதும் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நிற்க இடம் காட்டியதும் நீங்கள். இப்போது செடிக்குள்ளிருந்து ஆட்கள் வருகிறார்கள். லயத்து வீடுகளிலிருந்து கூட்டி வந்தீர்களா?”



“இவரா மாத்தியா? இவர் கூப்பிட்டா எங்க வீட்டுப் பூனகூட வராது,” என்று மனைவி அவருக்குச் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் டிக்கட்ட எடுங்க!”

வளையல்களுக்குள்ளிருந்தும், சட்டைப் பைகளிலிருந்தும், போன் உறைகளிலிருந்தும் டிக்கட்டுகள் வந்தன. ஒருவர் காது குடைந்துகொண்டிருந்த சுருளைப் பிரித்து நீட்டினார். அதிகாரி அதைத் தொடவில்லை, தூரத்திலிருந்தே எண்ணினார். மனைவியின் டிக்கட் மட்டும் கசங்காமல் இருந்தது. நான் அதை டயரியில் ஒட்டுவேன் என்பதால் தினமும் அப்படியே கொண்டுவருவாள்.

மாவுக்கட்டுக்காரரோடு சேர்த்து இருபத்தாறு. அதிகாரி ‘1’ஐ அடித்துவிட்டு 26 என்று எழுதினார்.

பஸ் கடைசித் தரிப்பிடம் வரை போய், திரும்பி மாத்தளைக்கு இறங்கும். அவரும் அதில்தான் போக வேண்டும். ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். கோயிலடி ஏற்றத்தில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம்.

“மாத்தியா, நீங்களுந்தான்,” என்றான் கண்டக்டர்.

ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் எங்களுக்கு முன்னால் ஏற்றம் ஏறினார்.

“என்னங்க, இப்ப இருபத்தேழு. எழுதிக்குங்க,” என்றாள் மனைவி மெதுவாக.

“நானும் இருக்கேனே. இருபத்தெட்டு.”

மூன்று வாரம் கழித்து, பஸ் தொடர்ந்து ஓடும் என்று கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இன்றைக்கும் மனைவி ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்து, கசங்காத டிக்கட்டை என் மேசையில் வைக்கிறாள்.

“இந்தாங்க. நான் வந்துட்டேங்கறதுக்கு அத்தாட்சி.”