வெள்ளைக் காரும் நீலக் காரும் என் வயிறும்

எனக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். பஸ், டாக்சி, ஆட்டோ எல்லாவற்றிலும் அப்படித்தான். ரயிலில் மட்டும் ஒன்றும் செய்யாது. அதனால் பம்பாயில் இத்தனை வருடம் என் பிழைப்பு ஒழுங்காக ஓடியது. செம்பூரில் ஏறி, குர்லாவில் லைன் மாறி, விக்ரோலியில் இறங்கினால் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான்.

போன மழைக்காலத்தில் குர்லா பாலத்துப் படியில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு. கணுக்கால் முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். கால் கூடியதும் டாக்டர், "நீங்கள் வேலைக்குப் போகலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு ரயில் கூட்டத்தில் ஏறவே கூடாது" என்றார். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார். நான் எப்படிப் போவது?

தினமும் காரில் கொண்டுபோய் விடுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்குத் தாராவியில் தோல் பெல்ட் பட்டறை. எங்களுடைய பழைய கார், பட்டறைச் சரக்கை ஏற்றி ஏற்றி ஸ்பிரிங் தளர்ந்துபோய், தொட்டில் மாதிரி ஆடும். முதல் நாள் அமர் மஹால் சிக்னலைத் தாண்டுவதற்குள் மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் முதல் இரண்டு பீரியடும் நிற்க முடியாது. பத்தாம் வகுப்புக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயால் கணக்குச் சொன்னேன். வாயால் சொல்லி யாருக்கு ஜியோமெட்ரி புரியும்?

பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பினார். "இந்த மாசம் பாருங்க டீச்சர். முடியலைன்னா விஆர்எஸ் குடுத்துட்டு உடம்பைப் பாத்துக்குங்க. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது" என்றார். அன்பாகத்தான் சொன்னார், நியாயமாகவும் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குப் பயம். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் பகல் முழுக்க அந்த பிளாட்டில் புறாவை விரட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

என் வாந்தியில் லாட்டரி அடித்தது என் வீட்டுக்காரருக்குத்தான். வேகமாகப் போகிற ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிக்னலில் பக்கத்தில் அப்படி ஒன்று வந்து நின்றால், பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒன் வயித்துல ஒரு கோளாறும் இல்ல. காடிதான் கோளாறு" என்றார் அன்று ராத்திரி சாப்பிடும்போது. பம்பாய்க்கு வந்த பிறகு எங்களுக்குக் கார் என்றால் காடிதான். "சஸ்பென்ஷன் லூஸா இருந்தா வயிறு பொரளத்தான் செய்யும். இறுக்கமான காடியா எடுத்தா சரியாப் போவும்."

"காடி வாங்கணும்னு நெனச்சிட்டிய. வாங்குங்க. அதுக்கு என் வயித்த ஏன் சாட்சிக்கு இழுக்கிய?"

குர்லாவில் பழைய கார் வாங்கி விற்கும் என் தம்பி அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தான். இரண்டாவது தட்டுப் பிரியாணியோடு, மச்சானுக்குப் பரிந்து வந்தான். "கடையில ரெண்டு காடி நிக்கி, ராத்தா. ரெண்டுமே ஃபாரின். ஆளுக்கொரு வாரம் தாரேன், மச்சான் ஓட்டட்டும். ஒனக்கு எது ஒத்துக்கிடுதோ அத எடுத்துக்கிடுங்க" என்றான். வியாபாரி வேறு எப்படிப் பேசுவான்?

முதல் வாரம் வெள்ளை வந்தது. பார்க்க வாட்டசாட்டமாக இருந்தது. சீட் மெத்தென்று இருந்தது. குழியில் இறங்கினாலும் மெதுவாக அமுங்கி மெதுவாக எழுந்தது. ஏறி உட்கார்ந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, இதுதான் என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு மூச்சு விடுகிற நேரம் அது சும்மா இருக்கும். பிறகு திடீரென்று பாயும். பாய்ந்தால் முன்னால் ஆட்டோ நிற்கும், உடனே பிரேக். தலை முன்னாலும் பின்னாலும் போய்வந்தது. "என்ன பிக்கப் பாத்தியா" என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும்.

வெள்ளையில் என் வயிறு காட்கோபர் வரை தாங்கியது.

அடுத்த வாரம் நீலம். அது தாழ்வான கார். உள்ளே போவதற்குக் காலை முதலில் வைப்பதா தலையை முதலில் வைப்பதா என்று யோசிக்க வேண்டும், தகடு வைத்த காலோடு. சீட்டின் இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விப் பிடித்தது. டயர் மெல்லிசு. ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட நமக்குச் சொல்லாமல் விடாது. எங்கள் சொசைட்டி கேட்டிலிருக்கும் ஸ்பீட் பிரேக்கரில் நேராக ஏறினால் அடி தட்டும், கோணலாகத்தான் ஏற்ற வேண்டும். பட்டறைக்குப் போகிற சந்தில் எதிரே ஒரு டெம்போ வந்துவிட்டால் மூக்கைத் திருப்பத் திணற வேண்டும் என்று அவரே புலம்பினார். ஆனாலும் ஒன்று உண்மை. வளைவில் அது சாயவே இல்லை. மிதித்தால் உடனே போனது, பிரேக் பிடித்தால் உடனே நின்றது.

நீலத்தில் விக்ரோலி பாலம் கண்ணுக்குத் தெரிகிற வரை தாங்கினேன். பிறகு பையைப் பிரித்தேன்.

"முன்னேற்றந்தான்" என்றார் அவர்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க போய்ச் சேரணும்" என்றேன்.

ராத்திரி தம்பியோடு போனில் அரைமணி நேரம் ஆராய்ச்சி. ஊருக்குள் ஓட்ட வெள்ளைதான் சுகம், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், டிக்கியில் சாம்பிள் பெட்டி முழுசாக நுழையும். ஹைவேக்கு நீலத்தை அடிக்க ஆளில்லை. இப்படியே போனது பேச்சு. பிரின்சிபல் எனக்குக் கொடுத்த மாதம் முடிந்துகொண்டிருந்தது. அதை ஆராய யாருமில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு காரையும் மித்தி ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

நீலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள். காட்கோபர் தாண்டும்போதே தலை சுற்ற ஆரம்பித்தது. ஹைவே ஓரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று காற்று வாங்கினேன். அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து அவருக்கு போன். பெரிய கஸ்டமர். லாரிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று, பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்துபோய்விட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து பானெட்டில் தட்டினார். "காடி ஹடாவ், ஜல்தி." வண்டியைச் சீக்கிரம் எடுக்க வேண்டுமாம். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். தூரத்திலிருந்து என் வீட்டுக்காரர், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "ஆப்கோ ஆதா ஹை க்யா?" என்று கேட்டார்.

ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும். எங்களிடம் சின்ன கார் இருந்த காலத்தில் மகளை டியூஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கார் பெரிசானதும் ஸ்டியரிங் அவர் கைக்குப் போனது. அதற்காக யாரும் சண்டை போடவில்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தேன், ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பிஸ்மி சொல்லி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. பட்டனை அமுக்கி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். அதற்குள் அவர் ஓடி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டார்.

"ஏளா, எறங்கு. இந்தக் காடி ஒனக்கு அடங்காது. தொட்டாலே பாயும்."

"மெதுவாத் தொடுதேன். பெல்ட்ட மாட்டுங்க."

காரின் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, அவர் எப்போதும் ஸ்போர்ட்டில்தான் வைத்திருப்பார். அதைத் தட்டி கம்ஃபர்ட்டில் போட்டேன். கார் சாதுவாகக் கிளம்பியது. ஸ்டியரிங் கனமாக இருந்தது, திருப்பிய இடத்துக்கு மட்டும் திரும்பியது. குழி வருவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, உடம்பு தானாகத் தயாரானது. பஸ் ஒன்று இண்டிகேட்டர் போடாமல் உள்ளே வந்தது, இடம் விட்டேன். பக்கத்தில் இவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். பாலம் வந்தது. ஏறினேன், இறங்கினேன். பள்ளிக்கூடத் தெருவில் இடதுபக்கம் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. தலை சுற்றவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிற ஞாபகமே வரவில்லை. மகளை டியூஷனுக்குக் கொண்டுபோன நாட்களிலும் ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. அது இளவயசு என்று நினைத்திருந்தேன்.

கேட் முன்னால் நிறுத்தினேன். "எனக்கு ஒண்ணும் செய்யல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். பிரிக்காமல் இருந்தது.

"அப்போ இந்தக் காடியே எடுத்துருவோம்" என்றார். குரலில் அப்படியொரு குஷி.

அவர் இறங்கி வண்டியைச் சுற்றி வருவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். கதவில் ஒன்று, இரண்டு என்று பட்டன் இருக்கும். யாருக்கு சீட் எப்படி வேண்டுமோ அதை அதில் பதித்து வைக்கலாம். ஒன்றில் அவர் தன்னுடையதைப் பதித்திருந்தார். இரண்டு காலியாகத்தான் கிடந்தது.

நான் இறங்கினேன், அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொல்வது, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முழங்கால் மாட்டிக்கொண்டது. ஒன்றாம் பட்டனை அமுக்கினார். சீட் அசையவில்லை. மறுபடி அமுக்கினார்.

"என்னளா இது, பின்னால போவ மாட்டேங்குது?"

"ஒண்ணுல என்னைய வச்சிட்டேன். நீங்க ரெண்டுல வச்சிக்கிடுங்க" என்றேன்.

உள்ளே பெல் அடித்துவிட்டது. முதல் பீரியட் எனக்குப் பத்தாம் வகுப்பு.