தண்டவாளத்தில் தேங்காய் எண்ணெய்

இராஜபாளையத்தில் மில் மெஷின்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு சரிபார்க்கிறவர் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். எந்தப் பொருளையும் திறக்குமுன் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார்.

கால் முடங்கிய பிறகு என் வீட்டுக்காரருக்கு, மகள் அனுப்பிய பொம்மை ரயில்தான் உலகம். கட்டிலருகே மேஜையில் வைத்து, போனைத் தொட்டு ஓட்டுவார். சில நாளாக அது நின்று நின்று போனது. "இனி ஓடாது, பெட்டியில போட்டுரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பளபளக்கட்டும் என்று தண்டவாளத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்தது நான்தான். அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை; அக்கம்பக்கத்தில் விசாரித்து ரிப்பேர்காரரை வரவழைத்தேன்.

வந்தவர் எஞ்சினை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னப்பா கோளாறு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்டவாளத்துல கரண்டு விட்டு விட்டு வருது அய்யா. கண்ண மூடித் தொறக்குற நேரம் விட்டாலும் உள்ள இருக்க போர்டு அணைஞ்சிரும். ஒரு கெப்பாசிட்டர் வச்சிருதேன். குழாய்ல தண்ணி நின்னாலும் செம்புல இருக்கத வச்சு வாய் கொப்பளிச்சிரலாம்லா, அது மாதிரி."

புளியங்கொட்டை அளவில் ஒன்றை எஞ்சினுக்குள் ஈயத்தால் பற்றவைத்தார். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பேண்டேஜ் துணியால் சக்கரங்களையும் தண்டவாளத்தையும் துடைத்தார். ரயில் நிற்காமல் சுற்றியது. "ஏட்டி, பாத்தியா!" என்று இவர் கைதட்டினார்.

கிளம்பும்போது வாசலில் அவர் மெல்லச் சொன்னார்: "ஆச்சி, எண்ணெய் தலைக்கு மட்டும் போதும்."

முன்பின் தெரியாத மனிதர் என் மானத்தை ஏன் அப்படிக் காப்பாற்றினாரோ! அந்தத் தெம்பில்தான் அன்று மாலை இவரிடம் நானே சொன்னேன். இவர் சிரித்து முடிப்பதற்குள் ரயில் மூன்று சுற்று சுற்றிவிட்டது.