தோளில் நின்றுபோன குண்டு

செப்டம்பர் பிறந்தால் மேரித்துக்கு எரிச்சலும் கூடவே பிறந்துவிடும். ஊத்ரஸ்க்கில் மற்ற எல்லாருக்கும் அது கொண்டாட்ட மாதம். மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை மர ஆலை ஓடாது, பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார்கள் இருக்க மாட்டார்கள். பல் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான், பல் டாக்டரும் காட்டில்தான் இருப்பார். மேரித்தும் காட்டுக்குப் போவாள். மற்றவர்கள் சுட்டுக் கெடுத்ததைத் தேடுவதற்கு.

அடிபட்டு ஓடிய விலங்கின் ரத்தத் தடத்தை நாயை வைத்துப் பிடித்துக்கொண்டே போய், அதன் வேதனையை முடித்து வைப்பது அவள் வேலை. வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தடம் பிடிப்பது வீணாய்ப்போன வேலை, சம்பளம் கிடையாது. முன்பு இதைச் செய்துகொண்டிருந்த ஏனாருக்கு முழங்கால் போனபோது, அடுத்து யார் என்று வேட்டைக் குடிலில் கேட்டார்கள். கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து அவரவர் பூட்ஸில் ஏதோ அதிசயம் தெரிந்தது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள். "நான் பாத்துக்கறேன்" என்று மேரித் சொல்லிவிட்டாள். அந்த வாயை அவள் பிறகு எத்தனையோ முறை நொந்துகொண்டிருக்கிறாள். இப்போது அவள் கையில் இருக்கும் தூவா, இந்த வேலைக்கென்று அவள் வளர்த்த மூன்றாவது நாய்.

அவள் தடம் பிடித்துப் போன மூஸ்களில் பாதிக்கு மேல் அவள் புருஷன் ஹில்டிங் சுட்டவை. இதுதான் அவளுக்கு ஆறாத வயிற்றெரிச்சல். அவன்தான் ஊர் வேட்டைக் குழுவின் தலைவன். குறி தப்புகிறவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவனோ ஊரிலேயே நல்ல குறிகாரன். தண்டவாளத்தில் ஓடும் பலகை மூஸை வைத்துப் பழகும் மைதானத்தில் அவன் சுட்டதெல்லாம் ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கும். பலகைக்குத்தான் எலும்பு கிடையாதே.

ஊத்ரஸ்க்கின் நிலங்கள் ஆற்றங்கரையிலிருந்து குன்று வரை நாடா மாதிரி நீண்டு கிடப்பவை. நீளத்துக்குக் குறைவில்லை, அகலம் மட்டும் அற்பம். ஒரு மூஸ் சுடுபட்டு நூறு மீட்டர் நடந்தால் போதும், எல்லை வடிகாலைத் தாண்டி, பக்கத்து ஊரான நூர்பிக்காரர்கள் காட்டுக்குள் போய்விடும். எங்கே விழுகிறதோ அந்தக் குழுவுக்கே இறைச்சி என்று இரு ஊருக்கும் பழைய ஒப்பந்தம். அதனால் ஊத்ரஸ்க் ஆண்களின் தலைக்குள் ஒரே கவலைதான் குடியிருந்தது. மூஸ் நின்ற இடத்திலேயே விழ வேண்டும். அதற்காக மெல்லிய உறை போட்ட, வேகமாகப் பறக்கிற, பட்டவுடன் வெடித்துச் சிதறுகிற இலேசான குண்டுகளை வாங்கினார்கள். குண்டின் எடை, சட்டம் கேட்கும் குறைந்த அளவுக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கும். அதைக் கொண்டுபோய்த் தோள் எலும்பில் அடிப்பார்கள். பல நேரம் மூஸ் விழுந்தும்விடும். விழாத நேரத்துக்குத்தான் மேரித் இருக்கிறாளே.

அந்த வருஷம் வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டிக்கொண்டே ஹில்டிங் புதிய பெட்டிகளை மேசையில் வைத்தான். அதே குண்டு.

"மறுபடியும் இதுவா?" என்றாள் மேரித்.

"இதுக்கென்ன?"

"போன வருஷம் கறி வெட்டற கொட்டகைல தோளைப் பிரிச்சப்ப நீயும் பக்கத்துலதானே நின்னே? குண்டு எலும்புல பட்டு முட்டை ஒடஞ்ச மாதிரி ஒடஞ்சு கெடந்துச்சு. நுரையீரல்ல ஒரு கீறல் கெடையாது. அந்தத் தோள் முழுக்க ரத்தம் கட்டி, நாய்க்குத்தான் போட்டோம்."

"மத்த ரெண்டு மூஸும் அப்படியே உக்காந்துச்சே, அத சொல்ல மாட்டியே."

"உக்காராத ஒண்ணப் பத்திதான் பேசறேன். ராத்திரி பூரா மூணு கால்ல நடந்துச்சு அது."

"கொழுக்கட்டை ஆறுது மேரித்" என்றான் ஹில்டிங்.

கரண்டியை அவன் தலையில் போடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. முப்பது வருஷமாகப் போடாமல் இருந்தது பெரிய தப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குடிலில் கூட்டம். அந்தப் பக்கத்து வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேரித் எழுந்து நின்று, குழு முழுவதும் கனமான குண்டுக்கு மாற வேண்டும் என்று கேட்டாள். ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டியிருக்கிற குண்டு, எலும்பைத் தாண்டியும் உள்ளே போகும். தோளை விட்டுவிட்டு அதற்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் சுட வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

சிக்ஸ்டன் என்று ஒருவன் உண்டு. லாரி ஓட்டுகிறவன், வாய் நீளம். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மேரித், உன் குண்டு தங்கமான குண்டு. இல்லேங்கல. ஆனா மூஸுக்கு அடிபட்டதே தெரியாது. அது பாட்டுக்கு நடந்து நூர்பி வரைக்கும் போயி, அவங்க குளிர்ப்பெட்டிலயே நேரா ஏறிப் படுத்துக்கும்."

குடில் குலுங்கச் சிரித்தார்கள். ஹில்டிங்கும் சிரித்தான்.

"ஆமா, நடக்கும்" என்றாள் மேரித். "அம்பது மீட்டர் போகும், எம்பது போகும். அதோட முடிஞ்சிடும். நீங்க சுடறது விழுந்துட்டு எழுந்திருச்சு மறுநாள் வரைக்கும் சாகாம போகுது. எது ஒசத்தி?"

யாரோ காபிக் கெண்டியை நீட்டினார்கள். ஊத்ரஸ்க்கில் பேச்சை முடிக்க வேண்டும் என்றால் காபி ஊற்றுவார்கள். அவள் கோப்பையை நிரப்பிவிட்டு, மறுநாள் யார் எந்தப் பாறையில் நிற்பது என்று பேசத் தொடங்கினார்கள். தான் ஏதோ பால் கணக்குக் கேட்டவள் மாதிரி அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பனி விலகுவதற்குள் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வாக்கி டாக்கியில் ஹில்டிங்கின் குரல் தித்தித்தது. "பெரிய ஆண் மூஸ். விழுந்துடுச்சு. நின்ன எடத்துலயே! வடிகாலுக்கு இந்தப் பக்கம்."

"சபாஷ்!" என்று சிக்ஸ்டன் கத்தினான். "மேரித், கேட்டுச்சா?"

கேட்டது. சாலையோரம் வண்டிக்குள் தூவாவின் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சரி, இந்தத் தடவையாவது விலங்கு பிழைத்தது, அதாவது ஒழுங்காகச் செத்தது என்று அவளுக்குக்கூட ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஹில்டிங் அடுத்து வாயைத் திறக்கும் வரைதான்.

"எந்திரிக்குது" என்றான் ஹில்டிங். பிறகு ஒரு வெடி, அவசரமாக. பிறகு, ஒரு மாதிரி இறங்கிப்போன குரலில், "மேரித், நாயக் கொண்டா."

விழுந்த மூஸுக்கு உடனே இன்னொரு குண்டு போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. துப்பாக்கியை வைத்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தான், பெருமை அடித்துக்கொள்ள. மூஸ் விழுந்த இடத்துக்குப் போய் அவள் தரையைப் பார்த்தாள். எலும்புத் துணுக்கு, அடர் சிவப்பில் கொஞ்சம் ரத்தம். நுரையீரலிலிருந்து வரும் நுரை ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. அப்படி அடிபட்டதை உடனே துரத்தினால் ஊரையே தாண்டிவிடும் என்பதால் மத்தியானம் வரை காத்திருந்தாள். பிறகு தூவாவை நீளக் கயிற்றில் விட்டுச் சதுப்புக்குள் நடந்தாள். தடம் நேராக வடிகாலைத் தாண்டி நூர்பிக்காரர்களின் காட்டுக்குள் போயிற்று. எதற்குப் பயந்து இந்தக் குண்டை வாங்கினார்களோ அதுவேதான் நடந்தது. மழை பிடித்துக்கொண்டது, இருட்டியும் விட்டது. திரும்ப வேண்டியதாயிற்று. அடிபட்டதைக் காட்டில் விட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுப்பதைப் போல அவளுக்கு வெறுப்பானது வேறு எதுவும் இல்லை.

ஊர் வழக்கப்படி, தடம் பிடிக்க மேரித் போனால் சுட்டவன் நெருப்போரம் உட்கார்ந்து காபி குடிப்பான். விடிந்ததும் ஹில்டிங் அதற்குத்தான் தெர்மாஸை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு நீயும் வர்றே" என்றாள் மேரித்.

"நானா? நான் மத்தவங்களப் பாக்க வேணாமா?"

"நீ வரலேன்னா நூர்பிக்காரங்களக் கூப்புடுவேன். தூவாவ அவங்க கையில குடுத்து, தலைவர் காபி குடிக்கறாருன்னு சொல்லுவேன்."

அவள் விளையாடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் தன் துப்பாக்கியை எடுக்கப் போனான். அவள் தன்னுடையதை அவன் கையில் கொடுத்தாள். "இதுல என் குண்டு இருக்கு. நாய் என் கையில இருக்கும், நீதான் சுடணும்."

தூவா மழையிலும் தடத்தை விடவில்லை. போகப் போக ஹில்டிங்கின் பேச்சு குறைந்தது. பாசியில் மூஸ் படுத்த குழிவு ஒன்று இருந்தது, ஒரு பக்கம் ரத்தம் உறைந்து. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. படுத்து, வலி பொறுக்காமல் எழுந்து, மறுபடி படுத்திருக்கிறது. இரவு முழுக்க. மேரித் ஒவ்வொரு குழிவின் அருகிலும் நின்றாள், அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தாள். இதையெல்லாம் எத்தனை வருஷமாக வார்த்தையில் சொன்னாள்! சொன்னபோதெல்லாம் கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது.

இளம் மரக்கன்றுகளுக்கு நடுவே அந்த மூஸ் எழுந்து நின்றது. முன்னங்கால் ஒன்று வெறுமனே தொங்கிற்று. ஓடப் பார்க்கவில்லை, அதற்குத் தெம்பில்லை. பக்கவாட்டில் திரும்பியது.

"தோளுக்குப் பின்னாடி" என்றாள் மேரித் மெதுவாக.

ஹில்டிங் சுட்டான். மூஸ் ஒன்றும் நடக்காதது போல நின்றது. "படலியா?" என்று அவன் பதறி அடுத்த தோட்டாவை ஏற்றினான்.

"பட்டுடுச்சு. தேவைன்னா சொல்றேன்."

அது சில அடி நடந்தது. கால்கள் பின்னின. அலுத்துப் போனவர்கள் உட்காருவது போல உட்கார்ந்து, தலையைச் சாய்த்தது. முடிந்துவிட்டது. ஹில்டிங் பக்கத்தில் போய் மண்டியிட்டான். வீங்கிப் புடைத்திருந்த தோளில் காட்டுத் தூசியெல்லாம் ஒட்டியிருந்தது. நெடுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை. அவன் அழுகிறானோ என்று பார்க்க மேரித்துக்கு மனம் வரவில்லை, தூவாவின் ஈரக் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நூர்பிக்காரர்கள் வண்டியோடு வந்தார்கள். இறைச்சி அவர்களுடையது, அதில் பேச்சில்லை. கொம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி மரியாதையாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றான் ஹில்டிங். வீட்டுக்கு வரும் வழியில் மேரித் அதைக் கிளறவில்லை. இந்த மனுஷனுக்கு ஒருவழியாக உறைத்துவிட்டது என்று நினைத்து, பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை அவள் சமையலறைக்கு வந்தபோது ஹில்டிங் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து துப்பாக்கியின் மேகசினை நிரப்பிக்கொண்டிருந்தான். போன வாரம் வாங்கிய பெட்டியிலிருந்து. அதே குண்டு.

"என்ன செய்யற?"

"ரெண்டு பெட்டி அப்படியே மிச்சம் இருக்கு மேரித்" என்றான் அவன், நியாயம் கேட்கிற குரலில். "தூக்கியா போட முடியும்? இது தீரட்டும். அப்புறம் உன்னோடதையே வாங்கிக்கறேன், சத்தியமா."

அவள் கத்தவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. மேசையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்தாள், சுவரோரம் சாய்த்திருந்த அவன் துப்பாக்கியை எடுத்தாள், வெளியே போய் வண்டியைக் கிளப்பினாள்.

"எங்க போறே?" என்று அவன் வாசலிலிருந்து கேட்டான். "வேட்டைக்கு நேரமாச்சு!"

ஊருக்கு வெளியே சரளைக் குழி இருக்கிறது, ஊத்ரஸ்க்காரர்கள் துப்பாக்கியைச் சரிபார்க்கிற இடம். மேரித் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டை விரித்து அதன்மேல் படுத்தாள். மேகசின் அவன் கையிலேயே தங்கிவிட்டதால் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே தள்ளி மணல் சரிவில் சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி தோளில் இடித்தது. முதல் பெட்டி தீர்வதற்குள் தோள் வீங்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவதைப் பிரித்தாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். குடிலில் சிக்ஸ்டன் என்ன சொல்லிச் சிரிப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டும். கண்ணில் நீர் வழிந்தது, வலியாலா ஆத்திரத்தாலா என்று யோசிக்கவில்லை. குறி பார்க்கவும் இல்லை, மணலுக்குக் குறி எதற்கு?

பெட்டியில் சில தோட்டாக்களே இருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. ஹில்டிங் சைக்கிளில் வந்திருந்தான், மூச்சு வாங்கியது. காலிப் பெட்டியைப் பார்த்தான், அவள் தோளைப் பார்த்தான். இப்போது அவன் தோட்டா விலைக் கணக்குப் பேசினால் துப்பாக்கியைக் குழியில் வீசிவிட்டு நூர்பிக்கே குடிபோய்விடுவது என்று மேரித் முடிவு செய்திருந்தாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து மேகசினை எடுத்தான். கட்டைவிரலால் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, அவள் ஜாக்கெட்டின் ஓரத்தில் வைத்தான்.

"இதையும் சேத்துக்கோ" என்றான்.

மேரித் காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கினாள். "முப்பது வருஷம் ஆச்சாடா உனக்கு, இதக் கொண்டாந்து குடுக்க?" என்று கேட்டாள். அவன் என்ன சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. கவசத்தை மறுபடி இறக்கிவிட்டு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.