சீனக் கலண்டரின் கடைசிப் பந்தி

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரை நான்கு பக்கம். சீனாவில் முதன்முதலில் விளம்பரம் செய்யப்போன வெளிநாட்டுக் கம்பனிகளைப் பற்றியது. அதற்காக ஏழு சனிக்கிழமைகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தேன்.

அந்தக் கம்பனிகள் ஷாங்காய்க்குப் போன புதிதில், தங்கள் நாட்டு மலைகளையும் மாளிகைகளையும் படமாக அச்சடித்துக் கொடுத்தன. சனம் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு உள்ளூர் ஓவியர்களைப் பிடித்துச் சீனப் பெண்களை வரைவித்து, சந்திரக் கணக்கிலான நாட்களையும் சேர்த்துக் கலண்டராகக் கொடுத்தன. வீட்டுக்கு வீடு சுவரில் ஏறியது. நல்ல நாள் பார்க்க நிமிர்ந்தவர்கள் படத்தின் மூலையில் இருந்த கம்பனியின் சிகரெட் பெட்டியையும் பார்த்தார்கள். இன்று நம்மிடையேயும் நல்ல நேரத்தைக் காட்டித் தன் முகத்தை விற்கிறவர் உண்டு என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்தேன்.

மலரின் பின்னட்டை விளம்பரம் ஒரு வீடு விற்பனை முகவருடையது. மொன்றியல் தமிழர் வீடுகளில் தொங்கும் கலண்டரும் அவருடையதுதான். மேலே கழுத்துப் பட்டியோடு அவர், கீழே ராகுகாலம். அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது, இங்கே பொருந்தாது என்று இரண்டு வருடங்களுக்கு முன் அவரிடம் சொன்னேன். "சனம் நேரத்தையே பாக்குது? என்ர நம்பரைப் பாக்குது, அண்ணை" என்று சிரித்தார்.

போன ஞாயிறு பிற்பகல் மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் மலராசிரியர் வீட்டு பேஸ்மென்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முகவர் எனக்கு முன்பே வந்திருந்தார். என் கட்டுரை அவர் கையில் இருந்தது.

"சீனாவில வெளிக்கிட்டு என்ர நெத்தியில வந்து நிண்டிருக்கிறியள்."

"முழுக்க வாசிச்சனீங்களோ?"

"கடைசிப் பந்தி வாசிச்சதே காணும். உங்களுக்கு என்னில என்ன எரிச்சல்? உங்கட மூஞ்சையை ஒருத்தரும் சுவரில கொழுவேல்லை எண்டோ?"

மலராசிரியர் என்னைவிட இளையவர், சண்டைக்குப் பயந்தவர். "அண்ணை, இது இவரைப் பற்றி இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரு எழுத்தும் வெட்டாமல் நாளைக்கே அச்சுக்குக் குடுக்கிறன்."

"சொல்லட்டும். நான் பேசாமல் எழும்பிப் போறன்" என்றார் முகவர்.

இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நான் எழுதிய ஒரு வரிகூட இதுவரை அச்சில் வந்ததில்லை. இது வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. இல்லை என்று சொன்னால் நான்கு பக்கமும் அப்படியே வரும். ஆனால் அந்தப் பந்தியை எழுதியபோது எனக்கு முன்னால் இருந்தது அவருடைய கலண்டர்.

"இவரைப் பற்றித்தான்" என்றேன்.

மலராசிரியர் தலையில் கை வைத்தார். "உங்களோட மனிசர் கதைக்கேலாது, அண்ணை."

முகவருக்குக் கோபம் வரவில்லை. கட்டுரையை என் பக்கம் தள்ளிவிட்டு மலராசிரியரிடம் திரும்பினார்.

"அப்ப அந்த நாலு பக்கமும் என்ர விளம்பரத்துக்கு. கலரில போடு."

மலராசிரியர் பக்கப் பட்டியலை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே என் தலைப்பை நேர்கோட்டில் வெட்டி, மேலே முகவரின் பெயரை எழுதினார்.