பூப்போட்ட சங்கு

கடையில் வாய் திறந்து பேரம்கூடப் பேசாதவள் நான். பாளையங்கோட்டையில் மீன்தொட்டி விற்கும் கடையில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டு ஒன்றை வாங்கியபோதும் அப்படித்தான். "ஒரு பராமரிப்பும் வேண்டாம்க்கா, தண்ணி வச்சாப் போதும்" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். அதன் சங்கில் பெயிண்டில் பூ வரைந்திருந்தார்கள்.

தாமிரபரணித் தண்ணீரை மிஞ்சிய தண்ணீர் இல்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நினைப்பு. அதையே பெருமையாகத் தினமும் கிண்ணத்தில் வைத்தேன். பத்தாம் நாள் நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து, வெற்றுடம்போடு துவண்டு கிடந்தது.

கடற்கரை ஊரான உவரியிலிருந்து மீன் விற்க வரும் அக்காவிடம் காட்டினேன்.

"ஏ தாயி, கடக்கரை உயிருக்கு உப்புத்தண்ணியும் வேணும்லா? ஆத்துத்தண்ணிய மட்டும் வச்சிருக்கியே! எங்க கரையில இதுகளச் சாக்குல அள்ளுதானுவ. இருக்க சங்க உடைச்சுப் பிடுங்கி, பெயிண்டுச் சங்குல விடுதானுவ. கண்ணால பாத்திருக்கேன்."

சாயங்காலம் அது செத்துவிட்டது.

மறுநாள் வெறும் சங்கோடு கடைக்குப் போனேன். அங்கே ஒருவர் கூட வந்த மகளுக்கு நண்டு வாங்கிக்கொண்டிருந்தார். "ஒரு பராமரிப்பும் வேண்டாம்" என்று கடைக்காரர் ஆரம்பித்ததும் நான் குறுக்கே புகுந்தேன்.

"பொய் சொல்லாதிய அண்ணாச்சி! வீட்ட உடைச்சு இழுத்துட்டு வந்த உயிரு அது. உங்க பேச்ச நம்பி நான் ஒண்ணக் கொன்னுட்டேன்" என்று சங்கை மேசையில் வைத்தேன்.

"வாங்கையில நீங்க ஒண்ணுமே கேக்கலியேக்கா?" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அந்தச் சிறுமி சங்கையே பார்த்தாள். பிறகு, "வேண்டாம்ப்பா" என்று அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

கடைக்காரர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதன்பிறகு எந்தக் கடையிலும் கேள்வி கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.